மெடிச்சியா, எஸ்தேயா: எந்தக் குடும்பத்தின் வரலாற்றை முதலில் படிக்கலாம்?

இத்தாலியப் பிரபுக் குடும்பங்களுள் எதிலிருந்து தொடங்குவது என்று தயங்குவோருக்கு, ஃப்ளாரன்சின் மெடிச்சியையும் ஃபெராராவின் எஸ்தேயையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும்.

தோற்றம்: மெடிச்சிகள் 1397இல் ஜொவான்னி தொடங்கிய வங்கியால் உயர்ந்தவர்கள், எஸ்தேக்களோ 1264இலேயே ஃபெராராவின் ஆட்சியைப் பெற்ற பழைய நிலப்பிரபுக்கள்.

நிலைப்பு: மெடிச்சி ஆட்சி 1737இல் ஆண் வாரிசின்றி முடிந்தது. எஸ்தேக்கள் 1598இல் ஃபெராராவைப் போப்பாண்டவரிடம் இழந்தும், மொடேனாவிலிருந்து 1796 வரை ஆண்டார்கள்.

எஞ்சிய தடயம்: உண்மையான வேறுபாடு இதில்தான் இருக்கிறது. மெடிச்சிகளின் கடைசி வாரிசான ஆன்னா மரியா லூயிசா, குடும்பத்தின் கலைச்செல்வம் ஃப்ளாரன்சை விட்டு வெளியேறக் கூடாது என்று 1737இல் ஒப்பந்தம் செய்துகொண்டதால், அதன் பெரும்பகுதியை இன்றும் அந்நகரிலேயே காணலாம். மொடேனாவை ஆண்ட எஸ்தே கோமகன் மூன்றாம் ஃபிரான்செஸ்கோவோ பணமுடையில் தம் சேகரிப்பின் தலைசிறந்த நூறு ஓவியங்களை ஜெர்மானியச் சிற்றரசான சாக்சனிக்கு விற்றார். பரிசேயன் ஒருவன் இயேசுவிடம் நாணயத்தை நீட்டும் டிட்சியானோவின் ஓவியம், எஸ்தே அவைக்கென்றே தீட்டப்பட்டிருந்தும், இப்போது சாக்சனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. பொறுக்க முடியாத விற்பனைதான்.

பணம் அதிகாரமாக மாறும் விதத்தை அறிய விரும்புவோரும், ஒரே ஊரில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்போரும் மெடிச்சியை எடுக்கலாம். பெரிய அரசுகளுக்கிடையே ஒரு சிற்றரசு தாக்குப்பிடித்த கதைக்கு எஸ்தேயே பொருந்தும்.