ஐஸ் ஹவுஸ்: குடோனா, பங்களாவா, ஹாஸ்டலா, மியூசியமா?

மெரினாவுக்கு எதிர்ல வட்டமா ஒரு கட்டடம் நிக்குமே, போர்டுல விவேகானந்தர் இல்லம்னு இருக்கும், அதான் ஐஸ் ஹவுஸ். 1842-ல கட்டினதுலேருந்து அது போடாத வேஷம் இல்ல, இதுல எது அதுக்குப் பொருந்துச்சுன்னு ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

குடோனா பாத்தா ஃபுல் மார்க். பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரில உறைஞ்ச ஐஸைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல அனுப்புவாரு, மெட்ராஸ்ல அப்ப ஹார்பர் கிடையாது, அலைக்கு நடுவுல படகுலதான் கரைக்குக் கொண்டு வரணும், அதான் கடலுக்கு எதிர்லயே கட்டிட்டாங்க. காத்து, வெளிச்சம் உள்ள போகாம இருந்தாதான் சரக்கு நிக்கும். 1880 வாக்குல இங்கயே மெஷின்ல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் யாவாரம் படுத்துருச்சு.

அப்புறம் பங்களா. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னல் வெச்சு, வராண்டா இழுத்து, ஒரு ஜட்ஜ் நினைவா கேசில் கெர்னன்னு பேரும் வெச்சாரு. என்ன பண்ணி என்ன, காத்தோட்டம் பத்தல! ஐஸைக் காப்பாத்தின சுவர் மனுஷனுக்கு ஆகல. 1897 பிப்ரவரி 6-லேருந்து 14 வரைக்கும் விவேகானந்தர் தங்கினது இங்கதான், அப்புறம் அவரை மாதிரியே ராமகிருஷ்ணரோட சீடரான ராமகிருஷ்ணானந்தர் இங்க மடம் நடத்தினாரு, 1906-ல வீடு ஏலத்துக்குப் போச்சு.

1917-ல அரசாங்கம் வாங்கி, சிஸ்டர் சுப்புலட்சுமி நடத்தின விதவைப் பொண்ணுங்க ஹாஸ்டல் ஆச்சு. அவங்களே 11 வயசுல தாலி அறுத்தவங்க, பக்கத்துல இருக்கிற பிரசிடென்சி காலேஜ்லதான் டிகிரி முடிச்சாங்க. விதவை எதிர்ல வந்தாலே அபசகுனம்னு வீட்டுக்குள்ள திரும்பிப் போற காலம் அது, அப்போ மொட்டை அடிச்சு மூலைல உக்கார வெச்ச சின்னப் பொண்ணுங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து டீச்சராக்கி அனுப்பின இடம். என் ஓட்டு இதுக்குதான்.

மியூசியம்? 1997-ல ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட்டாங்க, அவங்கதான் மியூசியம் வெச்சாங்க, கட்டடம் பளிச்சுனு இருக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். கல்கத்தாலயும் பம்பாய்லயும் டியூடருக்கு இருந்த ஐஸ் ஹவுஸ் இப்ப இல்லவே இல்ல, இதாவது நிக்குதே. ஆனா 1963-ல பேர் மாத்தினப்ப 9 நாள் தங்கினவர் பேரை வெச்சாங்களே தவிர, வருஷக்கணக்கா பொண்ணுங்களைப் படிக்க வெச்சவங்க பேரை வைக்கல, அது எனக்கு உறுத்துது. ஏரியாக்காரங்க இவங்க ரெண்டு பேரோட பேரையுமே கண்டுக்கல, போலீஸ் ஸ்டேஷன் கூட இன்னிக்கும் ஐஸ் ஹவுஸ் போலீஸ் ஸ்டேஷன்தான்.