களிமண் தோட்டத்துக்குத் துளையிட்ட பிவிசி குழாய்: வாங்கலாமா?

மழை விட்ட பிறகும் தோட்டத்தில் தண்ணீர் தேங்குகிறதா? அதை வடிக்கப் பள்ளம் தோண்டிப் பதிக்க, துளையிட்டே வரும் 110 மி.மீ. பிவிசி குழாயைத் தாராளமாக வாங்கலாம். சுருளாக வரும் நெளிவுக் குழாயைவிட இதில் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) பிசகாது. அடைத்துக்கொண்டாலும் கம்பி விட்டு எடுத்துவிடலாம்.

துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். பலரும் மேலே திருப்பிப் பதிக்கிறார்கள்; அப்படிச் செய்தால் பள்ளத்தில் தண்ணீர் குழாய்க்கு மேல் ஏறிய பிறகுதான் வடியும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம் போதும்.

குழாயோடு சேர்த்து விற்கும் வலையுறை மட்டும் வேண்டாம். களிமண் வண்டல் அதில் அப்பித் துளைகளை மூடிவிடும். அதற்குப் பதில் பள்ளம் முழுக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, கிரஷர் தூசி போகக் கழுவிய 20 மி.மீ. ஜல்லியைக் குழாயைச் சுற்றிக் கொட்டி, துணியை மேலே மடித்து மூடுங்கள். கடைசி முனையை மழைநீர்த் தொட்டியில் விடுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் சேர்க்கவே கூடாது.