பெரிய எழுத்துப் பைபிள்: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

தை மாதம் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு உறை, அதை மூடச் சிப், பக்கம் அடையாளம் வைக்க இரண்டு நாடா. பழைய மொழிபெயர்ப்புத்தான், 1871இல் ஹென்றி பவர் பாதிரியாரின் குழு முடித்ததன் வழி வந்தது. பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்த்து 1850இல் அச்சான பைபிள் இருக்கிறதா என்று சும்மா கேட்டேன். கடைத்தம்பி சிரித்தார்.

விடிய ஐந்தரைக்குக் குசினி மேசையில் கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். சின்ன விஷயம்தான். ஆனால் என் வாசிப்பு அறுந்துபோனதெல்லாம் கண்ணாடி தேடிய நேரத்தில்தான். போனிலும் வாசித்துப் பார்த்தேன். நாலாம் வசனத்தில் கனடாத் தங்கச்சியின் வாட்ஸ்அப் வரும், அப்புறம் சங்கீதமாவது ஒன்றாவது!

உள்ளே ஒரு வருட வாசிப்பு அட்டை இருந்தது. மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று நாலு. ஆதியாகமம் கதைபோல ஓடியது. மாசி பிறக்கவே லேவியராகமம். பலிச் சட்டத்தில் குண்டிக்காயும் கொழுப்பும் வரும் இடத்தில் வழமைபோல நின்றுவிட்டேன். ஐந்து நாள் விட்டால் பதினாறு அதிகாரம் கடன். அட்டை இப்போது பிஸ்கற் ரின்னுக்கு அடியில்.

கைகொடுத்தது அந்த இரண்டு நாடாதான். ஒன்று பழைய ஏற்பாட்டில், மற்றது சுவிசேஷத்தில். லேவியராகமம் இறுகினால் லூக்காவுக்குப் போய்விடுவேன். நாளுக்கு ஓர் அதிகாரம்; முடிக்க மூன்றேகால் வருடமாகும், ஆகட்டும். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனத்தை மட்டும் எட்டெட்டாக 22 நாள் வாசித்தேன். எழுதியவரே அப்படித்தான் பிரித்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்துத் தெரியும். ஹைலைற்றர் ஊறும், பென்சில் போதும். சைக்கிள் கூடைக்குப் பாரம், அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பழைய சின்னதுதான்.

சிப் மூன்றாம் மாதமே பல் கழன்றது. கொண்டுபோய்க் காட்டினேன். "அன்ரி, உறைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார் அதே தம்பி. எனக்குக் கோபம்தான். தையல்காரர் 350 ரூபாய்க்கு மாற்றித் தந்தார். அந்தப் புதுச் சிப்பை இன்றுவரை இழுத்து மூடியதில்லை. மூடினால் விடிய எழும்பித் திறக்க வேண்டுமே.