காரில் உப்புத் தண்ணீர்க் கறை: பல வருடப் பயன்பாட்டில் எது பலன் தந்தது

கறுப்பு நிறக் காரை உப்புத் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லையின் முழு வீரியம் தெரியும். ஈரமாக இருக்கும் வரை வண்டி பளபளவென்று இருக்கும். காய்ந்ததும் பானட், கூரை, கண்ணாடி என்று எல்லா இடத்திலும் வெள்ளை வட்டங்கள் எழுந்து நிற்கும். ஷாம்பு போட்டு மறுபடி கழுவினாலும் அவை அசையாது. பல வருடங்களாக இப்படி ஒரு காரை இந்த உப்புத் தண்ணீரில், அதாவது கடினநீரில்தான் கழுவி வருகிறேன். கறை நீக்க என்று சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எது நிலைத்தது, எது வெறும் கண்துடைப்பு, எதைக் காரின் பக்கத்திலேயே கொண்டு வரக் கூடாது என்று எழுதுகிறேன்.

எந்தப் பொருளை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் காரில் இருப்பது எந்த வகைக் கறை என்று பார்த்துவிடுங்கள். நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் நீர் ஆவியாகும்போது கார்பனேட்டாக மாறி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் இது. புதிதாக இருக்கும்போது பெயின்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். வெயிலில் சூடாகி, பனியில் நனைந்து, மறுபடி சூடாகி என்று நாள்பட இருந்தால், அந்தப் படிவு இருந்த இடத்தில் பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டில் பள்ளம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு படிவை முழுக்க எடுத்தாலும் வட்டத்தின் தடம் அப்படியே தெரியும்.

இரண்டையும் பிரித்தறிய நான் செய்வது இதுதான். வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் கறை மேல் தடவுவேன். சொரசொரப்பாக மேடு தட்டினால் படிவு இன்னும் மேலே இருக்கிறது. வழவழப்பாக இருந்தும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் பள்ளம். அப்போதும் சந்தேகம் இருந்தால், வினிகரில் நனைத்த துணியை ஒரு ஓரத்தில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: கறை குறைந்தால் படிவு, அப்படியே இருந்தால் பெரும்பாலும் பள்ளம்.

மேலே படிந்த கறைக்கு இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது மென்மையான அமிலம்தான். சமையலுக்குப் பயன்படும் வெள்ளை வினிகரில் ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதில் பாதியளவு தண்ணீர் கலந்தால் போதும். தண்ணீர் என்றால் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு) குறைந்த தண்ணீர், கறை உண்டாக்கிய அதே தண்ணீரைக் கலந்தால் அமிலத்தின் ஒரு பங்கு அதிலிருக்கும் பைகார்பனேட்டோடு போராடியே தீர்ந்துவிடும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, கறை உள்ள இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் போர்த்தி வைத்து, அழுத்தாமல் வழித்து எடுத்து, உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். படிவு கரைந்துதான் வெளியேற வேண்டும். அங்கே தேய்க்கத் தொடங்கினால் அந்தப் படிவே உப்புத்தாளாக மாறி பெயின்ட்டைக் கீறும்.

வினிகரை விட எனக்கு இப்போது பிடித்தது சிட்ரிக் அமிலத் தூள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் கலக்கிறேன். வாடை கிடையாது. தூளாக வைத்திருக்கலாம், வேண்டும்போது கரைத்துக்கொள்ளலாம். கரைந்த கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் சிட்ரிக் அமிலத்துக்கு உண்டு. கடைகளில் கறை நீக்கி என்று விற்கும் திரவங்களில் பலவும் அமிலத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. நல்லவை கொஞ்சம் கெட்டியாக இருந்து, சாய்வான கதவில் வழியாமல் நிற்கும். அந்த வசதிக்காக வாங்கலாம்.

அமிலம் எதுவானாலும் நான் விடாமல் பார்க்கிற விஷயங்கள் சில உண்டு. பெயின்ட் கைக்குச் சூடாகத் தெரிந்தால் தொடமாட்டேன். நிழலில், ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். அமிலம் பெயின்ட் மேலேயே காய விடக் கூடாது. வெறும் அலுமினியம், குரோம், ரப்பர் பட்டை ஆகியவற்றில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும். முடித்ததும் ஷாம்பு போட்டு முழுக்க ஒருமுறை கழுவுவேன். மேலே இருந்த மெழுகு பலவீனமாகியிருக்கும், அதைத் திரும்பப் போட வேண்டும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம்.

கிளே பார் (பெயின்ட் மேல் தேய்த்து அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெயின்ட்டில் ஒட்டிய இரும்புத் துகள், தார் மிச்சம் போன்றவற்றுக்கு அது அருமையான பொருள். உப்புக்கறையில் லேசான படிவைக் கொஞ்சம் பெயர்க்கும், அவ்வளவுதான்.

எண்ணெய், மண்ணெண்ணெய், டேஷ்போர்டு பாலிஷ் போன்றவற்றைத் தடவினால் கறை போய்விடுகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. தடவிய உடனே பார்த்தால் மாயம் போலத்தான் இருக்கும். ஆனால் கால்சியம் கார்பனேட் எண்ணெயில் கரையாது. படிவின் சொரசொரப்பை எண்ணெய் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் கறை கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டி ஈரமாக இருக்கும்போது கறை மறைவதும் இதனால்தான். இரண்டு தடவை கழுவினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். அதற்குள் அந்த எண்ணெய் தூசியையும் பிடித்து வைத்திருக்கும்.

அமிலத்துக்கும் அசையாத கறை என்றால் பாலிஷ்தான் வழி. இங்கே நிதானம் வேண்டும். பெரும்பாலான கார்களில் கிளியர் கோட்டின் தடிமன் 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடியே அதைவிடத் தடிமனாக இருக்கும். பள்ளத்தை எடுப்பது என்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டைப் பள்ளத்தின் அடி வரை இறக்குவது என்று அர்த்தம். அதனால் எப்போதும் மிக மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட் என்று தொடங்கி, அதில் போகாவிட்டால் மட்டுமே அடுத்த வலுவுக்குப் போகிறேன். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் சுழன்றபடியே அசைவதால் ஓரிடத்தில் சூட்டை எளிதில் குவிக்காது, அதனால் கையில் எடுக்கத் தைரியம் வரும். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் இன்னும் மெலிதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிவிடுவேன். ஏற்கெனவே பலமுறை பாலிஷ் போட்ட வண்டி என்றால், தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டிவிட்டுத் தொடுவது நல்லது. மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் வண்டிக்குப் பாலிஷ் என்ற பேச்சே வேண்டாம், அந்தப் பரப்பு பளபளத்துப் பாழாகிவிடும்.

என் காரின் கூரையில் ஆழமாக விழுந்த சில வட்டங்களை அப்படியே விட்டிருக்கிறேன். பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவற்றுக்காக அவ்வளவு கிளியர் கோட்டை இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிளியர் கோட் போய்விட்டால் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது கண்ணாடி. பெயின்ட்டில் கறை இருந்தால் அழகு கெடுகிறது. முன் கண்ணாடியில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அந்தப் படிவில் பட்டுச் சிதறும்போது, சாலையில் யார் நடக்கிறார்கள் என்பதே மங்கிவிடும். மழையில் வைப்பர் தடதடக்கும், ரப்பரும் சீக்கிரம் தேயும். பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், முன் கண்ணாடியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

கண்ணாடி கடினமானது என்பதால் அதில் கொஞ்சம் துணிந்து வேலை செய்யலாம். முதலில் அதே அமிலம், இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். மீதியிருப்பதற்கு 0000 நம்பர் ஸ்டீல் உல்லை (மிக மெல்லிய இரும்பு நார்) ஷாம்பு நீரில் நனைத்து, கண்ணாடியில் மணல் துகள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு மெதுவாகத் தேய்க்கலாம். நம்பர் மாறினால் கீறல் விழும். பெயின்ட் மேல் அது படவே கூடாது. நீரில் சிலிக்கா இருந்தால் படிவில் அதுவும் கலந்திருக்கும், வினிகரோ சிட்ரிக் அமிலமோ அதைக் கரைக்காது. அந்த இடத்தில் சீரியம் ஆக்சைடு தூள்தான் எனக்கு உதவியது. கண்ணாடியை மெருகேற்ற லென்ஸ் செய்கிறவர்கள் பயன்படுத்தும் பொருள் இது. தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பேடில் எடுத்து, காயவிடாமல் நீர் தெளித்துக்கொண்டே பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஒரே புள்ளியில் அழுத்தினால் கண்ணாடி சூடாகும், அந்த இடத்தில் பார்வையும் நெளியும். ஓட்டுநர் கண்ணுக்கு நேரே உள்ள பகுதியில் இன்னும் கவனம் தேவை. பக்கக் கண்ணாடிகளின் ரப்பர் இடுக்கில் இந்தக் குழம்பு இறங்காமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில கறை நீக்கிகளில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். துடைத்த நொடியில் கறை போவது உண்மைதான். கண்ணாடியையே அரிக்கும் வேதிப்பொருள் என்பதால்தான் அந்த வேகம். தோலில் பட்டால் உடனே வலிக்காமலேகூட உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள். கழிவறை சுத்தம் செய்யும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காருக்கு வேண்டாம், உலோகப் பாகங்களைத் தின்றுவிடும்.

செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்பது விளம்பரத்தில் மட்டும்தான். கோட்டிங் உள்ள பரப்பில் நீர் முத்து முத்தாக நிற்கிறது. ஒவ்வொரு முத்தும் தன்னிடம் உள்ள உப்பையெல்லாம் ஒரே புள்ளியில் விட்டுவிட்டுக் காய்கிறது. என் அனுபவத்தில் கோட்டிங் போட்ட பானட்டில் வட்டங்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் லேசான அமிலத்திலேயே எளிதாக நீங்கின, பெயின்ட்டும் தப்பியது. அதற்காகவே நான் அதைத் தொடர்கிறேன்.

கடைசியில் எல்லாம் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. கடினத்தன்மை (நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட அளவு) லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது மிகக் கடின நீர் என்று கணக்கு. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் கடினத்தன்மையை மட்டும் சொல்வதில்லை, கரைந்த எல்லா உப்புக்கும் பொதுவானது. ஆனாலும் எந்தக் குழாய் நீர் மோசம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். சாஃப்ட்னர், அதாவது நீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி, கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது, டி.டி.எஸ். குறையாது. காய்ந்தால் அதிலும் தடம் விழும், ஆனால் சாதாரண நீரிலேயே கரைந்து போய்விடும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் கார் கழுவ எடுத்துக்கொள்ளும் நல்ல எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், வேறு எதற்காவது பயன்படுத்துங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது, உப்பு மிகக் குறைவு. அதைச் சேர்த்து வடிகட்டி, கடைசி அலசலுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். முழு வண்டிக்கும் அது தேவையில்லை; கடினநீரில் கழுவி, அது காய்வதற்குள் ஒரு வாளி நல்ல நீரை மேலிருந்து வழியவிட்டால் போதும்.

அப்புறம் துடைப்பது. கூரையில் தொடங்கி, பானட், கண்ணாடி, கதவு என்று இறங்கி, பெரிய மைக்ரோஃபைபர் துண்டால் நீரை ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்து முடித்த பிறகும் சைடு மிரர், நம்பர் பிளேட், கதவுக் கைப்பிடி இடுக்குகளில் நீர் தங்கியிருந்து, வண்டி நகர்ந்ததும் ஒழுகிக் கோடு போடும். அங்கே புளோயரால் ஊதிவிட்டு, கதவுகளை ஒருமுறை திறந்து மூடி, வெளியே வந்த நீரையும் ஒற்றிவிடுகிறேன்.