டிக்கெட் இல்லாத மகனும் ஊட்டி ரயிலும்

சின்னப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் பலர் விமான நிலைய வாசலிலேயே ஒரு காரைப் பிடித்து, விடுமுறை முடியும்வரை அதிலேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை ஜெர்மனியிலிருந்து போன நாங்கள் முடிந்த இடமெல்லாம் ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் போனோம், பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அந்தப் பயணங்களைத்தான்.

சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. ரயில்வேயில் 5 வயதுக்குள் இருந்தால் டிக்கெட் வேண்டாம், தனி பெர்த்தும் கிடையாது. அதற்கு மேல் 12 வயதுக்குள் என்றால் பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. மகளுக்கு முழு டிக்கெட் எடுத்திருந்தோம். நானும் மனைவியும் இதைப் பேசிக்கொண்டிருந்ததை மகன் எப்போது கேட்டானோ தெரியவில்லை, டிடிஆர் வந்து நின்றதும் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்கு டிக்கெட் இல்ல, என்னைப் பாக்காதீங்க!" என்று பெட்டிக்கே கேட்கும்படி கத்திவிட்டான். எதிர் சீட்டுப் பாட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டிடிஆர் மட்டும் சிரிக்கவே இல்லை. "தம்பிக்கு என்ன வயசு?" துப்பட்டாவுக்குள்ளிருந்து நாலு விரல் மட்டும் வெளியே வந்தது. "அப்போ கவர்மெண்டே உன்னைச் சும்மா கூட்டிட்டுப் போகுது, தைரியமா உக்காரு."

அவ்வளவுதான், அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. அக்காவிடம் போய் "நான் ஃப்ரீ, உனக்குத்தான் காசு" என்று வம்பிழுக்க, அவள் "அதனாலதான் எனக்குப் பெட் இருக்கு, உனக்கு இல்ல" என்று சொல்லி, தன் பெர்த்தின் ஓரத்தில் அவன் கால் விரல் படக்கூட விடவில்லை. விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் இதே வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் மேட்டுப்பாளையத்தில் 7:10 மலை ரயில். ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறிப் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். மகன் முன்பக்கம் முழுக்க இன்ஜினைத் தேடிவிட்டு, பச்சைக் கொடியோடு நின்ற பிரேக்ஸ்மேனிடம், "இன்ஜினைத் தப்பான பக்கம் மாட்டிட்டீங்க" என்று புகார் கொடுத்தான். அவர் பொறுமையாகக் குனிந்து, அவன் முதுகில் கை வைத்து நாலடி தள்ளிக்கொண்டு போனார். "இப்போ நீதான் பெட்டி, நான்தான் இன்ஜின். நீ பின்னாடி உருண்டா யார் பிடிப்பா?" "நீங்க!" மலை ஏறும் ரயிலில் இன்ஜின் ஏன் கீழ்ப்பக்கம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது.

கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்சட்டம் வரும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும். வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பல்லையும் யாருப்பா விளக்குவா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை, பக்கத்துப் பெட்டியிலிருந்து யாரோ "ஊட்டி மழை!" என்றார்கள்.

கோவையில் டவுன் பஸ். சாதாரணக் கட்டண அரசு பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இப்போது 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஆக, எங்கள் நாலு பேரில் காசு கொடுத்தவன் நான் ஒருவன்தான். ரயிலில் தோற்ற மகளுக்கு இது போதாதா? "நாங்கல்லாம் ஃப்ரீ, அப்பாவுக்கு மட்டும் காசு!" என்று தம்பியோடு கூட்டணி சேர்ந்துவிட்டாள். கண்டக்டர் என் டிக்கெட்டைக் கிழித்து மகன் கையில் கொடுத்து, "அப்பாவைப் பத்திரமா இறக்கி விடு" என்றார். இறங்கும்வரை அவன் என் சட்டையை விடவே இல்லை.

சேவை என்று பார்த்தால் குறைகளும் உண்டு. மலை ரயில் பெட்டிக்குள் கழிவறை கிடையாது, நிற்கும் நிலையங்களில்தான் போயாக வேண்டும். குன்னூரில் வண்டி நின்றதும் முதல் வேலையாகப் பிள்ளைகளை அழைத்துப் போய்விடுங்கள். டயப்பர் மாற்றுவதற்கென்று ஒரு மேசையை நாங்கள் போன எந்த நிலையத்திலும் பார்க்கவில்லை. பேருந்து நிலையங்களில் 2015-லேயே தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், அதே அறைக்குள் ஒரு மேசை போட எவ்வளவு செலவாகும்? கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி, கட்டாயம் செய்ய வேண்டும்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, மலை ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளிநாட்டு கார்டை நம்பி உட்காராமல் ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ தேதியைச் சொல்லி, திறக்கிற அன்று காலையிலேயே போடச் சொல்லுங்கள்.