நீலமா, கருப்பா? பழைய ஆங்கிலேய ஸ்டோன்வேர் வாங்கப் போகிறவருக்கு

என் மேசையில் இப்போது இரண்டு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, வெளிர் நீலத்தில் வெள்ளை உருவங்கள் ஒட்டிய சின்னக் கிண்ணம். மற்றது, மூக்கு லேசாகச் சில்லு போன கருப்புப் பால் ஜக். வீட்டுக்கு வருகிறவர்கள் நேராகக் கை நீட்டுவது நீலத்துக்குத்தான். கருப்பைப் பார்த்து ஒருவர் ‘இது இரும்பா?’ என்று கேட்டார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் கருப்பை எடுத்துக்கொள்வேன்.

இரண்டுமே ஸ்டோன்வேர். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும் இந்த இனம்தான். கடும் சூட்டில் மண் கெட்டிப்பட்டு, தண்ணீரை உறிஞ்சாத நிலைக்கு வந்துவிடும். ஜாடிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். இவற்றில் அது கிடையாது. மண்ணில் கலந்த நிறம்தான் வெளியே தெரிகிறது. வேலை சுமாராக இருந்தால் பூச்சு போட்டு மூட வழியில்லை. சேகரிக்கிறவனுக்கு இது பெரிய வசதி.

எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தையும் பொம்பெயியையும் 18ஆம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கிய பிறகு, இங்கிலாந்தின் பணக்கார வீடுகளுக்குக் கிரேக்க, ரோமானியப் பித்து பிடித்தது. நேப்பிள்ஸில் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்த பழைய கலசங்களை 1772இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. அந்தக் கலசங்களின் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களில் முதல் ஆள் ஆங்கிலேயக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட். தன் புதிய தொழிற்சாலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தார். அந்தக் கலசங்கள் இத்தாலியின் எட்ரூரியாப் பகுதியில் வாழ்ந்த பழைய இனமான எட்ரூஸ்கன்களுடையவை என்று அப்போது பலரும் நம்பினார்கள். பெரும்பாலானவை கிரேக்கர்கள் செய்தவை என்பது பிறகு தெளிவானது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முதலில் வந்தது கருப்பு. வெட்ஜ்வுட்டின் ஊர்ப்பக்கமான ஸ்டாஃபோர்ட்ஷரில் ‘எகிப்தியன் பிளாக்’ என்ற பெயரில் முரட்டுக் கருப்புச் சாமான்கள் ஏற்கெனவே இருந்தன. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வடியும் தண்ணீரில் படியும் இரும்புச் சத்துள்ள காவி வண்டலையும் மாங்கனீசையும் களிமண்ணில் சேர்த்தால் அந்த நிறம் வரும். வெட்ஜ்வுட் அதையே நயமாக்கி, 1768 வாக்கில் ‘பிளாக் பசால்ட்’ என்று விற்க ஆரம்பித்தார். 1769 ஜூன் 13, எட்ரூரியா திறந்த நாள். கூட்டாளி தாமஸ் பென்ட்லி சக்கரத்தைச் சுற்ற, வெட்ஜ்வுட் தன் கையாலேயே ஆறு கலசங்கள் வனைந்தார். சூளையிலிருந்து நான்குதான் நல்லபடியாக வெளியே வந்தன. கருப்பின் மேல் செந்நிறத்தில் கிரேக்க உருவங்கள் தீட்டிய அந்த நான்கில் ஒன்று 2016இல் லண்டன் ஏலத்தில் 4,82,500 பவுண்டுக்குப் போனது. நாட்டை விட்டு வெளியே போகாமல் அரசு தடுத்தது, கடைசியில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டின் பாட்டரீஸ் மியூசியம் வாங்கிவிட்டது. அந்த விலை நமக்கு வேண்டாம். வெட்ஜ்வுட் என்றாலே நீலம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம், அவ்வளவுதான்.

நீலம் பிடிவாதத்தில் பிறந்தது. ஆயிரக்கணக்கான சோதனைக் கட்டிகளைச் சுட்டுப் பார்த்து, 1774, 75 வாக்கில்தான் ஜாஸ்பர் என்ற மண் கலவை கைவசப்பட்டது. டெர்பிஷரில் கிடைக்கும் பேரியம் சல்பேட் கனிமம்தான் அதன் ரகசியம். கலவைக் கணக்கை வெட்ஜ்வுட் சங்கேத எழுத்தில் எழுதி வைத்தார். அப்படியும் முதல் சில வருடங்கள் சூளை அவரைப் படாத பாடு படுத்தியது. பெரிய தகடுகள் வெடித்தன, கொப்புளித்தன. வெள்ளையாகச் சுடுபடும் இந்த மண்ணில் கோபால்ட் கலந்தால் நீலம். பச்சை, ஊதா, மஞ்சள், கருப்பும் உண்டு. அதன் மேல் ஒட்டும் உருவங்களைத் தனி அச்சில் அழுத்தி எடுத்து, ஈரம் தடவி ஒட்டி, அப்புறம் ஓரங்களைக் கருவியால் கையோடு செதுக்குவார்கள். ஜான் ஃபிளாக்ஸ்மன் போன்ற சிற்பிகள் உருவங்களை வடித்துக் கொடுத்தார்கள்.

இனி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் நல்ல ஜாஸ்பரில் நடனமாடும் பெண்ணின் ஆடை விளிம்பைப் பாருங்கள். துணி மெலிகிற இடத்தில் வெள்ளை மண்ணுக்குள்ளிருந்து கீழே உள்ள நீலம் மெல்லக் கசிந்து தெரியும். அசல் மல் துணி போட்ட மாதிரி இருக்கும். விரல்களுக்கு நடுவே இடைவெளி உண்டு; கால்கட்டை விரல் தனியாக நிற்கும். உருவத்தின் ஓரம் அடியில் குடைந்திருப்பதால் ஒரு நிழல் விழும். விளிம்பைத் தடவினால் சில சாமான்களில் வழவழப்பு தெரியும், அது ரத்தினக் கல் பட்டை தீட்டும் சக்கரத்தில் மெருகேற்றிய இடம். இதே உருவம் 1960களின் நீலத் தட்டில் சோப்பில் அழுத்தி எடுத்த மாதிரி இருக்கும். முகம் இருக்கும், மூக்கு இருக்காது.

நான் ஏமாந்தது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில், காரின் டிக்கியைத் திறந்து வைத்துச் சாமான் விற்கும் வகைச் சந்தை, ஒருவர் ‘இருநூறு வருடத்துப் பழசு’ என்றார். அடியில் வெட்ஜ்வுட் முத்திரையைப் பார்த்தேன். பக்கத்திலேயே ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி காசை நீட்டினேன். அந்த வார்த்தைகள் 20ஆம் நூற்றாண்டு. ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருந்தால், பொதுவாக 1891க்குப் பிந்தையது. இறக்குமதியாகும் சாமானில் நாட்டுப் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு வந்த வழக்கம் அது. வெட்ஜ்வுட் அடியில் குத்தும் மூன்று எழுத்துக் குறி 1860இல் தொடங்குகிறது. மூன்றாவது எழுத்து வருடத்தைச் சொல்லும். ஆனால் எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்ததால் ஒரே எழுத்துக்கு வேறு வேறு வருடங்கள் உண்டு. வெட்ஜ்வுட், பென்ட்லி இரண்டு பெயரும் சேர்ந்த முத்திரை என்றால் 1769 முதல் 1780க்குள். பென்ட்லி 1780இல் இறந்துபோனார். அந்தக் கால ஜாஸ்பர் பெரும்பாலும் தகடுகளும் பதக்கங்களும்தான். ஆகவே இரட்டைப் பெயரோடு நீல ஜாஸ்பர் பூச்சாடி யாராவது காட்டினால் மகிழ்வதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பழைய பொறியும் உண்டு. வெட்ஜ்வுட் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஜி’க்கு அப்புறம் கூடுதலாக ஒரு ‘ஈ’ போட்டு முத்திரை குத்திய சாமான், எட்ரூரியாவுக்குச் சம்பந்தமில்லாதது. ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் ஊரில் வில்லியம் ஸ்மித் நடத்திய தொழிற்சாலை அப்படிச் செய்து, வெட்ஜ்வுட் குடும்பம் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ‘வெட்ஜ்வுட் அண்ட் கோ’ என்பதும் வேறு ஆட்கள்.

கருப்பில் கதை தலைகீழ். முத்திரையே இல்லாத பசால்ட் ஏராளம். பாமர், நீல், எலிஜா மேயர், ஸ்போட், டர்னர் என்று அந்த வட்டாரத்தில் கருப்புச் செய்யாத சூளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூடியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் வைத்த தேநீர்க் கெண்டியைப் பல பேர் செய்தார்கள். முத்திரை இல்லாவிட்டால் யார் செய்தது என்று சத்தியம் பண்ண முடியாது. விலை இறங்குவது இதனால்தான். எனக்கு இதில் புகார் இல்லை. பெயருக்குப் பணம் கொடுக்காமல் வேலைக்குக் கொடுக்கிறேன். கடைசல் எந்திரத்தில் வெட்டிய நெளி வரிகள் கருப்பில்தான் துல்லியமாகத் தெரியும். ஜன்னலோரம் வைத்தால் மாலை வெயில் அந்த வரிகளின் மேல் பக்கவாட்டில் விழுந்து கம்பி கட்டின மாதிரி ஓடும்.

வெள்ளைக் கைகள்தான் நாகரிகம் என்று கருதிய காலம் அது. கருப்புக் கெண்டியைப் பிடித்தால் சீமாட்டியின் விரல்கள் இன்னும் வெளுப்பாகத் தெரியும். அந்த மோகம் நீடிக்கட்டும், நாம் கருப்புக் கெண்டி செய்துகொண்டே இருக்கலாம் என்கிற பொருளில் வெட்ஜ்வுட்டே கடிதம் எழுதியிருக்கிறார். வியாபாரி!

கருப்புக்கும் வில்லங்கம் உண்டு. இருட்டு அலமாரியில் வைத்தால் காணாமல் போய்விடும். தூசி ஒரே நாளில் தெரியும். அதைவிட முக்கியம், ஒட்டுவேலை. உடைந்த கைப்பிடியை ஒட்டிக் கருப்புச் சாயம் தடவினால் கண்ணுக்கு லேசில் பிடிபடாது. ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்து விற்பவர்களும் உண்டு. நான் செய்வது எளிய வேலை. நகத்தால் கைப்பிடி, மூக்கு, மூடி மூன்றையும் தட்டிப் பார்ப்பேன். மண் கணீரென்று பேசும், ஒட்டு மொத்தென்று பேசும். தொட்டால் மண் ஜில்லென்று இருக்கும், சாயம் பூசிய இடம் அவ்வளவு குளிராது. புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் நல்லது, அந்த வெளிச்சத்தில் ஒட்டு தனியாகத் தெரியும். ஜாஸ்பரில் இந்தத் திருட்டு கஷ்டம். அந்த மங்கிய நீலத்தை இன்னொரு பொருளால் அச்சாகக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒட்டிய இடம் பெரும்பாலும் தானே காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நீலத்துக்குத்தான் என் ஓட்டு.

நீலத்துக்குள்ளேயே இரண்டு சாதி இருக்கிறது. மண் முழுக்க நிறம் கலந்தது ஒன்று. வெள்ளை உடலுக்கு மேலே நிறக் கரைசலில் முக்கி எடுத்தது மற்றது. கோபால்ட் விலை கைசுட்டதால் 1777 முதல் முக்கும் முறை வந்தது. அடிவிளிம்பிலோ ஒரு சில்லிலோ பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிகிறதா, நீலமா என்று புரிந்துவிடும். விலை குறைந்த வழி என்று மட்டமாக நினைக்க வேண்டாம். முக்கி எடுத்த ஜாஸ்பரில் நீலம் ஆழமாகவும், மேலே வெள்ளை பளிச்சென்றும் நிற்கிற அழகு தனி. முழு நிற ஜாஸ்பரில் சில சமயம் சூளையில் நீலம் கசிந்து வெள்ளை உருவத்தில் கறையாகப் படிந்திருக்கும்.

சரி, மூன்றாவது வழி. வெட்ஜ்வுட்டை விட்டுவிட்டு அவருடைய போட்டியாளர்களிடம் போவது. டன்ஸ்டலில் கிரீன்கேட்ஸ் தொழிற்சாலையின் வில்லியம் ஆடம்ஸ் செய்த ஜாஸ்பர், நீலத்தில் சற்று ஊதா கலந்த மாதிரி இருக்கும். லேன் எண்டின் ஜான் டர்னர் இவர்களில் கெட்டிக்காரர் என்பது என் கட்சி. அவருடைய ஜாஸ்பர் பீங்கான் பக்கம் சாய்ந்த மண். மேலே லேசான மினுமினுப்பு இருக்கும். ஆனால் டர்னரிடம் நான் தேடுவது ஜாஸ்பர் அல்ல, வெள்ளை ஜக்குகள். வேட்டைக் காட்சி ஒட்டி, கழுத்தில் பழுப்பு நிறம் பூசி, வாயில் வெள்ளி வளையம் பூட்டியது. வேட்டை நாய்களின் விலா எலும்பை எண்ணலாம். வெள்ளி வளையத்தில் அரசு முத்திரை இருந்தால் அதிலேயே வருட எழுத்தும் இருக்கும். மண் சொல்லாத தேதியை வெள்ளி சொல்லிவிடுகிறது. வளையம் பின்னால் மாட்டியதாகவும் இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி முலாம் போட்ட செம்பு வளையமாக இருந்தால் இந்த வசதி இல்லை.

டர்னர் 1787இல் இறந்தார். மகன்கள் 1806 வரை ஓட்டி, கடன் தாங்காமல் திவாலானார்கள். அதனால் டர்னர் முத்திரை இருந்தாலே காலம் ஒரு வரம்புக்குள் வந்துவிடும். நூறு வருடம் கழித்து அதே தொழிற்சாலை அதே அச்சில் மறுபடி சுட்டது என்ற தலைவலி கிடையாது. வெட்ஜ்வுட்டின் வெற்றிதான் வெட்ஜ்வுட் சேகரிப்பாளரின் கஷ்டம். தொழிற்சாலை தலைமுறை தலைமுறையாக ஓடியது, பழைய அச்சுகள் திரும்பத் திரும்ப வேலை செய்தன.

இவற்றைவிட மலிவாக வேண்டுமென்றால், காசில்ஃபோர்ட் வகை என்று சொல்லப்படும் வெள்ளைத் தேநீர்க் கெண்டிகள். 1800ஐ ஒட்டியவை, ஓரத்தில் நீலக் கோடு போட்டவை. ஒன்று வாங்கலாம், இரண்டாவது வேண்டாம்.

என் கணக்கு இப்படி. கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, நியோகிளாசிக்கல், அதாவது அந்தக் கிரேக்க, ரோமானியப் பாணி வடிவம் வீட்டில் வேண்டும் என்றால் முத்திரை இல்லாத பசால்ட், 1800 வாக்கில் செய்தது, ஒட்டு இல்லாதது. பணம் சேர்த்து வைத்து ஒன்றே ஒன்று வாங்குவேன் என்றால் ஜாஸ்பரில் சின்ன உருவப் பதக்கம். பூச்சாடிக்கு ஆசைப்பட வேண்டாம், ஒரு முகம் போதும். அந்தக் காலத்துச் செதுக்கு வேலை முழுக்க அந்தச் சில அங்குலத்தில் இருக்கிறது. பூ வைக்க, எடுத்துப் புழங்க ஒன்று வேண்டும் என்றால் டர்னர் ஜக். வெளிர் நீலக் குட்டித் தட்டுகள் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், தட்டு விலைக்கு. நூற்றாண்டு விலைக்கு அல்ல.

வாங்குவதற்கு முன்னால் பார்லஸ்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் வெட்ஜ்வுட் சேகரிப்பையும், போர்ட் சன்லைட்டில் லேடி லீவர் ஆர்ட் கேலரியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் அங்கே எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். தொட்டுப் பழக ஏல வீடுகளின் பார்வை நாள்தான் சரி. ஏலத்துக்கு முந்தைய நாள் போனால் எதையும் வாங்காமலே பத்து கெண்டிகளைக் கையில் எடுத்து, கவிழ்த்து, நகத்தால் தட்டிப் பார்க்கலாம். மூடியை மட்டும் முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.