போலீஸ் கேட்டது ஒரு நம்பர், ஆப் கொடுத்தது என் போன்புக் முழுவதையும்

வண்டன்மேடு, கம்பமெட்டு, போடி பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வியாபாரக் குழு ஒரு மெசேஜ் ஆப்பில் இருந்தது. அதில் ஒருவன் காய் தருவதாகப் பலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தலைமறைவாகிவிட்டான். புகார் போனது. அவன் நம்பரின் விவரம் கேட்டு போலீஸ் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) 91-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் (BNSS) 94. அதுவரை எல்லாம் முறைப்படிதான்.

என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். நிறுவனம் அனுப்பிய பதில் எஸ்.ஐ. மேசையில் ஒரு கட்டாக இருந்தது. குழுவில் இருந்த எல்லோருடைய நம்பரும், எப்போது எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (நெட் இணைப்பின் எண்) நுழைந்தோம் என்பதும் அதில் இருந்தன. அப்புறம், என் போனில் நான் சேமித்து வைத்த பெயர்கள் அப்படியே வரிசையாக: ‘கம்பம் ஜீப் அண்ணன்’, ‘பாப்பா ஹாஸ்டல்’, ‘அம்மா கேன்சர் டாக்டர்’, ‘வட்டி பாக்கி’. படித்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. “ஞங்ஙள் ஒரு நம்பர் மாத்ரமே சோதிச்சுள்ளூ” (நாங்கள் ஒரு நம்பர் மட்டும்தான் கேட்டோம்) என்று எஸ்.ஐ.யே மலையாளத்தில் சொல்லிச் சங்கடப்பட்டார். நோட்டீஸ் நகலைக் காட்டினார். ஒரே ஒரு நம்பர்தான்.

போலீஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதற்கு மேல் அள்ளிக் கொடுத்த கம்பெனி மேல்தான். காய் எடுக்கக் கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வரும் பெண்களின் நம்பர்களும் அந்தக் கட்டில் இருக்கின்றன. அவர்களில் பலர் அந்த ஆப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

‘என்கிரிப்ஷன் இருக்கிறதே’ என்கிறார்கள். அது பேசியதைத்தான் மூடும். சர்வரில் ஏறிய போன்புக்கை மூடாது. 2016-ல் அமெரிக்காவில் சம்மன் வந்தபோது சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறெதையும் அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. ஆக, மனம் இருந்தால் முடியும். அதே சமயம், 2021-ல் ஹேக்கர்கள் போலீஸ் பெயரில் அனுப்பிய போலி அவசரக் கோரிக்கையை நம்பி ஆப்பிளும் மெட்டாவுமே பயனர் விவரங்களைக் கொடுத்திருக்கின்றன.

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். 2021 ஐ.டி. விதிப்படி 24 மணி நேரத்தில் புகாரை ஏற்று, குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். வந்தது, ‘சட்டப்படியான கோரிக்கைகளுக்கு ஒத்துழைக்கிறோம்’ என்று ஒரே வரி. என் போன்புக்கை யார் கேட்டார்கள் என்பதற்குப் பதிலே இல்லை. மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு (GAC) ஆன்லைனில் போயிருக்கிறேன். அது முடியும்வரை நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

மெசேஜ் ஆப்புகளுக்குக் கொடுத்த காண்டாக்ட்ஸ் அனுமதியை இன்றே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏறியது சர்வரிலேயே கிடக்கலாம். ஆப்புக்குள் போய் அதையும் நீக்குங்கள். நீக்க வழியில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். எங்கள் குழுவில் இருந்தவர்கள் தனித்தனியாகப் புகார் போடுங்கள். நிறுவனத்தின் பதில் வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். நான் எழுதிய மனுவின் நகல் வேண்டுமென்றால் தருகிறேன்.